எல்லா ஊரிலும் ஒரு சித்தப்பா

மாசி பாதி போய்விட்டால் திருவரங்குளத்துப் பக்கம் முந்திரி மரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும். காலை பத்து மணி வரைக்கும் வெயில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மரியாதையாக நடந்துகொள்ளும். அப்புறம்தான் சுயரூபம். எங்கள் ஊருக்கு வசந்தகாலம் என்பது அந்தப் பத்து மணியோடு சரி. அதற்குள் நாலு இடம் பார்த்துவிட்டு வீடு திரும்ப நினைப்பவர்கள் என் நண்பனின் எக்ஸெல்லில் ஏறக்கூடாது.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம் மாப்ளே" என்றுதான் கூப்பிடுவான். வண்டியிலோ வழியிலோ குறை கிடையாது. வழியில் மனிதர்கள் இருப்பதுதான் சிக்கல். யாரைக் கண்டாலும் வண்டியை ஓரங்கட்டி, "அண்ணே, எந்த ஊரு?" என்பான். அடுத்து, "அங்க ரைஸ்மில்லுக்குப் பின்னாடி ஒருத்தர் இருப்பாரே, உங்களுக்கு என்ன வேணும்?" மூன்றாவது கேள்விக்குள் எதிரே நிற்பவர் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ ஆகிவிடுவார். மாமா முறை என்றால் டீயோடு தப்பிக்கலாம். பங்காளி என்று தெரிந்துவிட்டால் வரப்புத் தகராறை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

பொற்பனைக்கோட்டைக்கு ஒருமுறை போனோம். சங்க காலக் கோட்டை என்று சொல்லி 2023இல் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது. திருவரங்குளத்து அரங்குளநாதர் கோயில் தலபுராணத்தில் பனைமரம் தங்கப் பழமாகவே உதிர்க்கும். குழியில் கிடைத்தது ஒரு தங்க மூக்குத்தி. "சேதாரம் கொஞ்சம் கூடத்தான் போயிருக்கு" என்றான். கோட்டை மதிலின் மேட்டைப் பார்த்து நான் சோழன், பாண்டியன் என்று யோசித்துக்கொண்டிருக்க, இவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அவர் மருமகள் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். சங்க காலத்துக்கும் அவருக்கும் இடைப்பட்ட உறவைக்கூடக் கண்டுபிடித்திருப்பான். அதற்குள் ஆடுகள் பக்கத்துக் கொல்லையில் இறங்கிவிட்டதால் பெரியவர் கம்போடு ஓடவேண்டியதாயிற்று.

வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மஞ்சள் தேமல் நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் வம்பன் 8 உளுந்து அங்கே பிறந்ததுதான். அதனாலேயே இவன் அந்தப் பக்கத்து டீக்கடைகளில் வடையைச் சும்மா தின்னமாட்டான். பிட்டுப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், "எட்டா, பதினொண்ணா?" என்பான். ஒரு கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரேஷன்" என்றார். அவரும் சித்தப்பாதான் என்று பிறகு தெரிந்தது.

மாசி மகத்துக்குக் குளமங்கலம் போனதைச் சொல்லியே ஆகவேண்டும். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் 30 அடிக்கு மேல் உயரத்தில் குதிரை நிற்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் அதன் கழுத்திலிருந்து தரை வரைக்கும் நீளுகிற காகிதப்பூ மாலைகளை வேனில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக மாலைமேல் மாலை விழ, மதியத்துக்குள் குதிரையைக் காணோம், கண்ணும் காதும்தான் பாக்கி. ஏணியில் ஏறி மாலை போடுகிறவருக்குக் கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று யோசனை சொல்ல ஒரு கூட்டமே உண்டு. அதில் முன்வரிசையில் இவன். ஏணி மேலே நின்றவரைப் பார்த்து, "அண்ணே, எந்த ஊரு?" என்று கத்தினான். மனுஷன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு பதிலும் சொன்னார்.

அவர் இறங்கிவந்ததும் வடகாட்டில் அவர் வீட்டிலேயே சாப்பாடு. அவருக்கு வாழைத்தோட்டம். கிளம்பும்போது சும்மா அனுப்பினால் முறையாகுமா? ஒரு தார். திரும்பி வருகையில் நண்பன் முன்னால், தார் நடுவில், நான் கேரியரின் கடைசிக் கம்பியில். வழியில் கைகாட்டியவர்கள் எல்லாரும் தாரைப் பார்த்து, "விலைக்கா?" என்றே கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஆலங்குடி தாண்டும்போது தாருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "பங்குனியில நார்த்தாமலைத் தேருக்குப் போறோம் மாப்ளே. அங்க நமக்கு ஒரு சொந்தம் இருக்கு."

"யாருடா?"

"போனாத்தானே தெரியும்!"