குழந்தையின் நலன் கருதி

விவாகரத்து கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். இனிமேல்தான் உங்கள் தாம்பத்தியம் களைகட்டப் போகிறது. சேர்ந்திருந்த காலத்தில் ஒருவரையொருவர் இவ்வளவு நினைத்ததே இல்லை. இப்போது விடிந்தால் எழுந்தால் அந்த ஆள் நினைப்புத்தான். யாரோடு போகிறார், பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்? வேவு பார்க்க வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறது. வயது ஏழு, இரண்டாம் வகுப்பு.

அப்பா வீட்டிலிருந்து வந்ததும், சோறு போடுவதற்கு முன்பே விசாரணை. "அங்க வேற யாராச்சும் வந்தாங்களா? என்னப் பத்தி என்ன சொன்னாங்க?" அங்கே போனால் பாட்டி: "உங்கம்மா ஒழுங்கா சோறு போடுறாளா? இப்படி மெலிஞ்சிட்டியேப்பா!" பிள்ளை சீக்கிரமே தேறிவிடுகிறது. எந்த வீட்டில் சிரித்தோம் என்பதை இன்னொரு வீட்டில் மறைக்கிறது. 'வயசுக்கு மீறிய பக்குவம்' என்று இரண்டு வீட்டிலும் பாராட்டு வேறு.

அப்பா வீட்டுக்கே அனுப்பாதவர்களுக்கு, சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்துச் சந்திப்பு அறை. இரண்டு மணி நேரம். அப்பா ஆசையாக வாங்கி வந்த ஷூ காலில் ஏறவில்லை. அவர் மனதில் இருப்பது போன வருஷத்துப் பாதம். குதிகாலை அழுத்தித் திணிக்கிறார். வலிக்கவில்லை என்கிறது பிள்ளை. அம்மா அந்த ஷூவைப் படம் எடுத்துக்கொள்கிறார்: மகனின் கால் அளவுகூடத் தெரியாத தகப்பன், அடுத்த மனுவில் ஒரு பாரா. அவர் மட்டும் சும்மாவா? செல்போனைத் தூக்குகிறார். "சிரிடா கண்ணா, ஜட்ஜ் அங்கிள் பார்ப்பாங்க!"

இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956-லேயே சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டோம். பிள்ளையின் நலன் கருதி அப்பா வரக்கூடாது. பிள்ளையின் நலன் கருதி ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாது. பிள்ளையின் நலன் கருதிப் பரீட்சைக்கு முதல் நாள்தான் பார்த்தாக வேண்டும். இருவருமாகப் பொறுப்பேற்று வளர்க்க வழி செய்யுங்கள் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-ஆவது அறிக்கையைக் கொடுத்தது, அது சட்டமாகவில்லை. பிள்ளையைப் பார்க்க வருகிறவரை விருந்தாளியாக நடத்துங்கள், தின்னக் குடிக்கக் கொடுங்கள் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவே போட வேண்டியிருந்தது. விருந்தோம்பலுக்கு உலகத்துக்கே பாடம் எடுக்கிறவர்கள் நாம். ஒரு டம்ளர் டீக்குக் கோர்ட் ஆர்டர்! தூ.

அடி உதைக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். வீம்புக்கு வக்கீல் வைத்திருக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன். பேச்சு ஆகாதென்றால் பேசாதீர்கள்; காய்ச்சலா, ஃபீஸா, எத்தனை மணிக்கு, அதை மட்டும் மெசேஜில் எழுதுங்கள். முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையா? காலையில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் விடுங்கள், சாயங்காலம் மற்றவர் அழைத்துப் போகட்டும். திரும்பி வந்த பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். "யாரு சமைச்சா?" என்று அடுத்துக் கேட்டீர்களானால், அது குறுக்கு விசாரணை.