தண்ணி ஏத்தப் போற மருமகனுக்கு

கட்டாரில இரிந்து வந்த களைப்பு ஆற முதல் கழுவிற தொழில் துடங்கப் போறாய் எண்டு கேள்விப்பட்டன், மருமகன். நல்ல விசியம். கல்குடாவில பொறந்தவன் பாசிக்குடாவுக்குப் போய்ப் பாசி கழுவிப் பிழைக்கிறது ஊருக்கே பெருமைதான். வேலைக்கும் பஞ்சமில்ல. மாரி பெஞ்சு ஓய ஹோட்டல் மதிலெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கும். மாசி பங்குனியில பிறஷர் மிசின் பிடிச்சாத்தான் சித்திரைக்குப் பிறகு வாற வெள்ளக்காரன் வழுக்கி விழாம நடப்பான். அதே மாசந்தான் வேளாண்ம வெட்டி முடிச்ச வெட்டு மிசினெல்லாம் சேத்தோட நிக்கும். வாழைச்சேனைத் துறைமுகத்தில போட் இரிக்கு, ஓட்டமாவடியில கடை வாசல் இரிக்கு. எனக்குச் சந்தேகம் உன்ட தொழிலில இல்ல. நீ பாத்து வச்சிரிக்கிற லொறியிலதான்.

கென்டராமே! பின்னால ரெண்டாயிரம் லீற்றர் தாங்கியாம். பக்கத்தில உன்ட படமும் போன் நம்பருமாம். உன்ட மாமி கேட்டுப்போட்டு, "பவுசர் வாங்கப் போறானோ?" எண்டாள். நான் வாயைத் திறக்கல்ல.

நீ படிச்ச பிள்ள, கணக்கை நீயே போடு. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ரெண்டாயிரம் லீற்றர் ரெண்டு தொன். அதுக்கு மேல தாங்கி, மிசின், ஹோஸ், நீ, உன்னோட வாற மச்சான்மார் ரெண்டு பேர். இவ்வளவையும் சுமந்துகொண்டு எங்க போறாய்? கிணறும் குழாயும் இரிக்கிற ஹோட்டலுக்கு. கிணத்தடியில இரிந்து கிணத்தடிக்கு லொறியில தண்ணி கொண்டு போன முதல் ஆள் எண்டு பிரதேச செயலகத்தில உனக்கு ஒரு விருது எடுத்துத் தரலாம்.

சரி, கொண்டு போனாய் எண்டே வைப்பம். பெற்றோலில ஓடுற நடுத்தர மிசின் நிமிசத்துக்குப் பத்து லீற்றர் மட்டில குடிக்கும். மூண்டு மணித்தியாலத்தில தாங்கி காலி. மறுகா? ஹோட்டல் குழாயைத்தானே கேக்கப் போறாய். அதை விடியவே கேட்டிருந்தா என்ன மனே, நாக்குத் தேஞ்சு போகுமோ?

உனக்குத் தேவை 200 லீற்றர் நீலப் பரல் ஒண்டு. குழாய் மெதுவா வந்தா மிசினுக்குத் தண்ணி காணாது. காஞ்சு ஓடினா பம்பில இரிக்கிற சீல் கருகிப் போகும். குழாய்க்கும் மிசினுக்கும் நடுவில பரல் நிண்டா அந்தக் கரச்சல் இல்ல. அம்பது மீற்றர் ஹோஸ் ஒண்டும் எடு. கடக்கரைக் கிணறு எண்டா முதல் எல்லுப்போல வாயில விட்டுப் பார். உப்புக் கரிச்சா, வேல முடிய நல்ல தண்ணி விட்டு மிசினை அலசாம வீட்ட கொண்டு வராத.

தாங்கிதான் வேணும் எண்டு நீ ஒத்தக்காலில நிண்டா, அரைத் தாங்கியோட ஓட்டமாவடிப் பாலத்தில ஏறி பிறேக்கை ஒருக்கா மிதிச்சுப் பார். லொறி நிக்கும், தண்ணி நிக்காது. முன்னுக்கு வந்து அடிக்கிற அடியில பாலத்தைத் தாண்டித்தான் நிப்பாய். பவுசர்காரன் தாங்கிக்குள்ள தகடு வச்சுத் தடுக்கிறது வடிவுக்கில்ல.

இனி வாகனத்துக்கு வருவம். சிக்கனம் எண்டா லேண்ட்மாஸ்டரை அடிக்க ஆளில்ல. ஒத்தச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பெல்ட் போட்டா வயலுக்குத் தண்ணியும் இறைக்கும், பெட்டி பூட்டினா கலியாணத்துக்கு ஆளும் ஏத்தும். கிரான் பக்கம் வாடியில வெட்டு மிசின் கழுவப் போறதுக்கு அது காணும். ஆனா ஹோட்டல் கேட்டுக்கு முன்னால டக்டக் எண்டு போய் நிண்டியெண்டா வெள்ளக்காரன் ஓடி வந்து படம் எடுப்பான், மனேச்சர் ஓடி வந்து கேட்டைப் பூட்டுவான். மட்டக்களப்பு ரவுணில வேல கிடைச்சா? முப்பது கிலோமீற்றருக்கு மேல. விடியச்சாமம் வெளிக்கிட்டா மத்தியானச் சோத்துக்குப் போய்ச் சேரலாம்.

ஓட்டோ நல்லது, பெற்றோலும் குறையத்தான் குடிக்கும். ஆனா ஆள் ஏத்திற ஓட்டோ சீற்றில மிசினை வச்சா மச்சான்மாரை எங்க வைக்கிற? பெட்டி வச்ச லொறி ஓட்டோ கிடைச்சா யோசி. சின்ன மிசின், ஒரு பரல், நீயும் இன்னொருவனும். பாசிக்குடா, பேத்தாழை, வாழைச்சேனை மட்டும் எண்டா அதுவே ராசா. அதுக்குமேல ஆசைப்பட்டா பட்டா. டிமோ பட்டா எண்டு நாம கூப்பிடுறது டாட்டா ஏஸ். இந்தியாவில 2005இல இறக்கினது. ரெண்டு சிலிண்டர், 702 சீசீ டீசல். சுமக்கிற அளவு முக்கால் தொன். ஒரு தொன் தாங்கியை அதில ஏத்தி நிரப்பினாய் எண்டா முன் ரயர் வானம் பாக்கும். வெறும் பரலைக் கொண்டு போய் அங்க நிரப்பினாய் எண்டா பட்டாவும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய்.

"மாமா, கென்டரை விடப் பட்டா லீற்றருக்கு எத்தின கிலோமீற்றர் கூட ஓடும்?" எண்டு கேப்பாய். கேள். பட்டா பதினஞ்சு ஓடும் எண்டு வைப்பம். உன்ட வாசலில இரிந்து பாசிக்குடாவுக்குப் போய் வர அரை லீற்றர் கூட முடியாது. ஆனா அங்க நீ போட்டுப் பிடிக்கிற ஆறரைக் குதிரைவலு மிசின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல பெற்றோல் குடிக்கும். அஞ்சு மணித்தியாலம் கழுவினாப் போன எண்ணெய் எங்க, வண்டி குடிச்ச எண்ணெய் எங்க! மைலேஜ் மைலேஜ் எண்டு நீ தெருவைப் பாத்துக்கொண்டு நிக்க, மிசின் முதுகுக்குப் பின்னால பொக்கற்றை உருவுது. கரண்டில ஓடுற மிசின் ஒண்டும் வச்சிரு. மதில், கதிரை, சின்ன வேலைக்கு அது காணும். யார்ட கரண்ட் எண்டதை மட்டும் விலை பேசேக்கையே பேசிப்போடு. வேல முடிஞ்சாப் பிறகு பேசினா அது பேச்சில்ல, சண்டை.

எண்ணெய் எண்டதும் 2022 ஞாபகம் வருது. நீ அங்க ஏசிக்குள்ள இரிந்தாய், உனக்குத் தெரியாது. ஆனி மாசம் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போச்சு. மறுகா கியூஆர் அட்டை வந்துது. கிழமைக்கு ஓட்டோவுக்கு அஞ்சு லீற்றர், வேனுக்கு இருபது, லொறிக்கு அம்பது. அண்டைக்கு லொறிக்காரன் ராசா எண்டு நினைப்பாய். ஏத்த ஒண்டுமில்லாத லொறிக்கு அம்பது லீற்றர் இரிந்து என்ன, தவணைக்காரன் எண்ணெயை வாங்கிக்கொண்டு போவானோ?

நான் பயப்பிடுற இடம் இதுதான். பாசிக்குடா ஹோட்டலை நம்பி எடுக்கிற லீசிங். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டோட ஹோட்டலுக்கு ஆள் வாறது நிண்டுது. 2020இல கொரோனா. 2022இல எண்ணெய் வரிசை. நாலு வருசத்துக்குள்ள மூண்டு தரம் அறை வெறிச்சோடிக் கிடந்துது. ஆள் வராத அறை வாசலைக் கழுவ யார் காசு தருவான்? இடையில சலுகை எண்டு தவணையை நிப்பாட்டினாங்கதான். நிண்ட காலத்துக்கும் வட்டி போட்டு மறுகா வாங்கினாங்க. இது ஒண்டும் நடக்காட்டிலும் கார்த்திகை தொடக்கம் தை மட்டும் மழை வருசா வருசம் வரும். மானம் சும்மா கழுவித் தாற மதிலுக்கு உன்னைக் கூப்பிட மாட்டாங்க மனே. ரெண்டு கதிரை கழுவிறதுக்குக் கென்டர் எடுக்கிறது, தேத்தண்ணி குடிக்க ஆசை எண்டு தேயிலைத் தோட்டம் வாங்கின கதை. 2017இல மத்திய வங்கியே ஓட்டோ விலையில நூத்துக்கு 25 வீதத்துக்கு மேல லீசிங் குடுக்க ஒண்ணா எண்டு கட்டிப் போட்டுது. விதி பிறகு மாறித்தான் வந்துது. ஆனா கொழும்பில இரிக்கிறவனுக்கே அண்டைக்கு உன்னைப் பாக்கப் பயமா இரிந்திரிக்கு பார்!

பழைய வண்டி எண்டும் ஏமாறாத. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசியிலதான் தனியாருக்கு முழுசாத் திறந்தாங்க. அந்தக் காலத்தில பழசெல்லாம் புதுசுட விலைக்குப் போச்சு. அந்த விலையை மனசில வச்சிரிக்கிறவன் இன்னும் இஞ்ச இரிக்கான். வண்டியைப் பாக்கப் போனா மேல பூசின பெயின்ற்றைப் பாக்காத, கீழ குனி. நம்மட கடக்காத்து செசியைத் தின்னும். அடியில புதுசாக் கறுப்புத் தார் அடிச்சிரிந்தா, "ஏன் அண்ணே, உள்ளுக்குள்ள யாரை மறைச்சு வச்சிரிக்கிங்க?" எண்டு கேட்டுப்போட்டு சுத்தியலால மெல்லத் தட்டிப் பார். சீஆர் புத்தகத்தையும் திற. முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனிப் பேர் கிடந்தா, விக்கிறவன் உனக்கு விக்கிறது வண்டியில்ல, அவன்ட கடன்.

நான் சொல்றன் எண்டு கோவிக்காத. கென்டருக்கு எண்டு வச்சிரிக்கிற முற்பணத்தில நல்ல மிசின் ரெண்டு, ஹோஸ், பரல் வாங்கு. மிச்சத்தை வங்கியில போடு. மாசி பங்குனி ரெண்டு மாசமும் நம்மட ஊர்ப் பட்டாக்காரன் ஒருத்தனை ஹயருக்குப் பிடி. வேல இல்லாத நாளைக்கு அவன்ட வண்டி அவன்ட வாசலில நிக்கும், தவணையும் அவன்ட. கழுவின காசு மிஞ்சி நீ பட்டா வாங்கப் போற அண்டைக்கு நானும் வாறன். லீசிங் கந்தோருக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத.