கேட்டதே பெரிய உபகாரம்

தன் குடிமக்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று விசாரிக்க ஓர் அரசுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்தப் பெரிய மனசு நம் அரசுக்கு 1967-இல் இருந்தது. பீகாரில் பஞ்சம், ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை, முந்தைய ஆண்டுதான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். விடுதலையின் 20-ஆம் ஆண்டுக்கு ஒரு வாழ்த்துப்பாவோடு முடித்திருக்கலாம். அரசின் ஆவணப்படப் பிரிவான நம் ஃபிலிம்ஸ் டிவிஷனோ இயக்குநர் எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் கையில் கேமராவைக் கொடுத்து, 1947-இல் பிறந்தவர்களைத் தேடிப் போகச் சொன்னது. ‘ஐ ஆம் 20’ என்ற ஆவணப்படம் பிறந்தது.

அதில் ஓர் இளைஞர், கேமராவும் டேப் ரெக்கார்டருமாக நாடு முழுக்கச் சுற்ற ஆசைப்படுகிறார். இன்னொருவர் நாட்டின் மீது தனக்கு அன்பே இல்லை, அப்படியே இருந்தாலும் அதை யாரிடம் சொல்வது என்கிறார். வேறு அரசாக இருந்தால் இதைக் கேட்டு ஆடிப்போயிருக்கும். நம் அரசு அசையவில்லை. ஞானிகளுக்குத்தான் அந்த நிதானம் வரும்.

தாராளத்துக்கும் குறைவில்லை. ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு ஆலோசகராக இருந்த ஜான் பவுனகரி கதவைத் திறந்துவிட, இயக்குநர் சுக்தேவ் ‘இந்தியா 67’-ஐ வர்ணனைக் குரலே இல்லாமல் எடுத்தார். பிரமோத் பதி ‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தில் பூஜையையும் விஞ்ஞானத்தையும் ஆட்டம்போடும் இளைஞர்களையும் கண்சிமிட்டும் வேகத்தில் கோத்தார். ஃபிலிம் சுருள், சம்பளம், சுதந்திரம் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்த அரசு, காதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

மக்கள் மேல் இருந்த அக்கறையோ சொல்லி முடியாது. பெரிய படத்துக்கு முன் அரசின் செய்திப்படமோ ஆவணப்படமோ ஓட வேண்டும், அதற்குத் தியேட்டர்காரர் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் தாமதமாக வந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. முன்னால் வந்தவர்களுக்கு பீடி பிடிக்க நேரம் கிடைத்தது. சாதி மதம் பாராமல் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியே போன அந்தப் பத்து நிமிடத்தில் தேசிய ஒருமைப்பாடு பூரணமாக நிறைவேறியது.

பதில் சொல்லவும் அரசு மறக்கவில்லை. இருபது வயதுக்காரர்கள் சொன்னதை எட்டு ஆண்டு யோசித்து, 1975-இல் நெருக்கடி நிலையையும் 20 அம்சத் திட்டத்தையும் தந்தது. அதன் பிறகு மக்களைக் கேட்டுச் சிரமப்படுத்தவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருப்பதாக ஃபிலிம்ஸ் டிவிஷனே அவர்களுக்குத் தெரிவித்தது. சுக்தேவின் கேமராவும் அந்தத் தொண்டில் சேர்ந்துகொண்டது.

அந்தப் படங்களைக் காத்த பொறுப்பையும் மெச்ச வேண்டும். பல்லாண்டுகள் யார் கண்ணும் படாத அளவுக்குக் காத்தார்கள். பிறகு யூடியூபில் இளைஞர்கள் அவற்றைக் கண்டு வியந்த காலத்தில், 2022-இல், ஃபிலிம்ஸ் டிவிஷனையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் கரைத்துவிட்டார்கள். பாதுகாப்பு என்றால் இதுவல்லவா!

1967-இல் பேசிய அந்த இளைஞர்களுக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் தீரவில்லை. அந்தப் படங்களுக்குத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் சப்டைட்டில் சேர்த்து, கல்லூரிதோறும் திரையிட வேண்டும். இன்று 20 வயதில் இருப்பவர்களிடமும் கேமராவோடு போக வேண்டும். இம்முறை பதிலைக் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடக் கூடாது.