ஸ்லொட் பார்த்து வாங்குபவர்

கீரிமலைக் கேணிக்கட்டில் நீராடித் தலை துவட்டும் பென்சனியர்களுள், கம்பஸ் கிடைத்த மகளுக்கு மெல்லிய லப்டொப் தேடுபவரை இனங்காண்பது எளிது. நகுலேஸ்வரர் கோயில் திருவிழாவில் தொடங்கும் அவரது பேச்சு, சிறிது நேரத்தில் 'றாம்' என்னும் நினைவகத்தை, அதாவது கணினி தன் கைவேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பகுதியை, எப்படியோ வந்தடைந்துவிடும். பாரமும் விலையும் குறைந்திருக்க வேண்டும், ஆயினும் நாளை கழற்றி வேறு பூட்டவும் இடமிருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை.

இதைக் கஞ்சத்தனம் என ஒதுக்குவோர் வரலாறு அறியாதோர். 1990களில் பொருளாதாரத் தடை இறுகி யாழ் குடாநாட்டில் பற்றரியும் பெற்றோலும் அருகியபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அவருடையது. சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். மூடியைக் கழற்ற முடியாத எந்தப் பொருளும் அக்காலத்தைத் தாண்டியிராது என்று அவர் வாதிட்டால் மறுப்பது கடினம்.

ஆனால் 2008இல் ஸ்டீவ் ஜொப்ஸ் கடித உறையொன்றிலிருந்து மக்புக் எயாரை உருவி எடுத்துக் காட்டியபோதே, அதன் 2 கிகாபைற் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. நினைவகத் துண்டைச் செருகும் இடுக்கு, கடைமொழியில் ஸ்லொட், உயரத்தை விழுங்குவது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நினைவக வகையோ பெரும்பாலும் செயலிக்கு மிக அருகிலேயே ஒட்டப்படுவது. ஆகவே மெல்லிய லப்டொப்புகள் பலவும் அவ்வழியே சென்றுவிட்டன. யாழ் நகரக் கடைகளில் இந்தப் பொறியியல் வரலாறு முழுவதும் இரண்டு வரிகளில் முடிகிறது:

"தம்பி, இதுக்கு றாம் பிறகு போடேலுமோ?"

"ஏலாது ஐயா, போர்ட்டோட ஒட்டித்தான் வருது."

அதன்பின் தொடங்கும் கணக்கு பல நாள் நீளும். 8 கிகாபைற்றை 16 ஆக்குவதற்கு அப்பிள் நிறுவனம் 2024 வரை 200 டொலர் வாங்கியதையும், கழற்றிப் பூட்டும் துண்டு வெளிச்சந்தையில் அதனிலும் மிகக் குறைவாகக் கிடைத்ததையும் அவர் சான்றுகாட்டுவார், அதில் பிழையில்லை. பிழை, துண்டை எப்போது வாங்குவது என்பதை எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது, தள்ளிப்போட்டவரின் சேமிப்பு அங்கேயே கரைந்தது. 2025இன் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்ள விலை ஏறியது. அவர் மனத்தில் குறித்துவைத்திருந்த குறூஷியல் பெயரிலான நுகர்வோர் வணிகத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரோன் நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. இச்செய்தியைக் கேட்ட பிறகும் அவர் கொள்கையை மாற்றவில்லை. விலை இறங்கட்டும் என்றார்.

இறுதியில், பாதி நினைவகம் ஒட்டப்பட்டும் ஒரு ஸ்லொட் காலியாகவும் வரும் நடுத்தர மாதிரியொன்றை, ஒட்டியே வந்த முழு 16ஐவிட அதிகம் மலிவில்லாத விலைக்கு அவர் வாங்குகிறார். மூடியைக் கழற்றி அந்த வெற்றிடத்தைக் காட்டும்படி கேட்கிறார். கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று கடைக்காரர் அஞ்சுவதால், உற்பத்தியாளரின் படத்தைப் பார்த்தே நிறைவடைகிறார். மேல்மாடிக்காகக் கம்பி விட்டுக் கட்டிய வீட்டைப்போல் லப்டொப் மகளுடன் கம்பஸுக்குப் போய்ப் பட்டமும் பெற்றுத் திரும்புகிறது. இடையில் அது நத்தையாக ஊர்ந்த நாள்களில், "அப்பா, அந்த றாமை இப்பவாவது போடுவமே?" என்று மகள் கேட்காமலில்லை, விலை இன்னும் இறங்கவில்லை என்பதே மறுமொழி.

பழைய லப்டொப்பை விற்க வரும் நாளில்தான் அவரது முதலீட்டின் முழுப்பயன் தெரிகிறது. திரையில் கீறலுண்டு, பற்றரி தளர்ந்துவிட்டது என்பதையெல்லாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ளும் அவர், வாங்கிய நாள்முதல் கைபடாத புத்தம்புதிய ஸ்லொட் ஒன்று உள்ளே இருப்பதை எடுத்துக்கூறி, அதற்கென்று தனியே ஐயாயிரம் ரூபாய் கூட்டிக் கேட்கிறார்.