சம்பளம் வேண்டாம், சண்டைக்கு ரெடி!

கேள்வி: சம்பளமே வாங்காமல் போர் செய்த படை உண்டா?

பதில்: உண்டு. கொடுத்தும் வாங்க மறுத்த படை! அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் திரட்டப்பட்ட 54-வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை. வீரர்கள் கறுப்பினத்தவர். சேரும்போது சொன்னது, வெள்ளை வீரர்களைப் போலவே மாதம் 13 டாலர். கையில் நீட்டியதோ 10. அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். (துப்பாக்கிக்கு வாடகை கேட்காமல் விட்டார்களே!) முழுசாகத் தா, இல்லாவிட்டால் ஒரு காசும் வேண்டாம் என்று விட்டார்கள். மிச்சத்தை நான் போடுகிறேன் என்றது மாநில அரசு. தர வேண்டியவர் தரட்டும், தர்மம் யார் கேட்டது என்று அதையும் தொடவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாடு தனிக் கதை.

வேலைநிறுத்தமா? அதுதான் இல்லை. 1863 ஜூலை 18 மாலை, தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மீது முதலில் பாய்ந்தது இவர்கள்தான். கோட்டை விழவில்லை, படைத்தலைவர் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா அங்கேயே மாண்டார். உடம்பெல்லாம் காயத்தோடு கொடியைக் காப்பாற்றி வந்தார் சார்ஜென்ட் வில்லியம் கார்னி. அவருக்குப் பதக்கம் 1900-ல் வந்தது. அரசாங்கத் தபால் அல்லவா!

சம்பள விஷயத்தில் 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணிந்தது. ஆனால், 1861 ஏப்ரல் 19-ல் அடிமையாக இல்லாதவருக்குத்தான் முழுப் பாக்கியாம். புதிய கர்னல் ஹாலோவெல் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதினார்: ‘அன்றைக்கு என்னிடம் கூலியில்லாமல் வேலை வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை.’ அடிமையாக இருந்தவர்களும் கூசாமல் சத்தியம் செய்தார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முழுப் பணமும் வந்து சேர்ந்தது.