கடுகு டப்பா கணக்கு

(இடம்: செய்யாறு பக்கம் ஒரு ஓட்டு வீட்டின் அடுப்படி. இரவு பதினொரு மணி. சுவர் ஆணியில் வீட்டுக்காரரின் சட்டை தொங்குகிறது. அதன் பையிலிருந்து ஓர் ஏடிஎம் கார்டு எட்டிப் பார்க்கிறது. எதிர் அலமாரியில், பழைய பேப்பர் விரித்த தட்டின் மேல், நசுங்கிய எவர்சில்வர் கடுகு டப்பா.)

கார்டு: என்ன பாட்டி, தூங்கலையா?

டப்பா: எனக்கேதுப்பா தூக்கம். நீ என்ன, இன்னைக்கு ஒரேயடியா மினுக்குறே?

கார்டு: மினுக்காம? காலையில கணக்கெடுக்க ஒரு பொண்ணு டேப்லெட்டோட வந்துச்சே! 'சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பாலின சமத்துவ விளைவுகளின் அளவீடு.' பதினெட்டு கேள்வி. நம்ம வீடு பதினெட்டுலயும் பாஸ்.

டப்பா: தலைப்பைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாணலியில கடுகு வெடிச்சு அடங்கிடும் போலிருக்கே. அது சரி, பதில் சொன்னது யாரு?

கார்டு: வீட்டுல யார் சொன்னா என்ன?

டப்பா: அவ இங்க என் பக்கத்துல நின்னு ரசத்துக்குத் தாளிச்சிட்டிருந்தா. திண்ணையில உட்கார்ந்து பதில் சொன்னது அவ புருஷன். 'பணத்தை எப்படிச் செலவு பண்றதுன்னு யார் முடிவெடுக்கிறீங்க? கணவரா, மனைவியா, இருவரும் சேர்ந்தா?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. 'இருவரும் சேர்ந்துதான்'னு அவர் ஒருத்தரே சொன்னார்.

கார்டு: அவங்களும் உள்ளேயிருந்து 'ஆமா'ன்னாங்களே!

டப்பா: அது, எண்ணெய் காய்ஞ்சிடுச்சான்னு மாமியார் கேட்டதுக்குச் சொன்ன 'ஆமா'.

கார்டு: (சற்றுத் தயங்கி) எப்படியோ, கட்டத்துல டிக் விழுந்துடுச்சு. அந்தப் பொண்ணு கிளம்புறப்பகூட வாசல்ல இவங்களை நிறுத்தி என்னமோ தனியாக் கேட்டுச்சு. அது பதினெட்டுல சேராது, விடு. பாட்டி, உனக்கு என் அருமை தெரியல. 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். மகளிர் உரிமைத் தொகை தொடங்கின நாள். விண்ணப்பம் போட்டவங்க 1 கோடியே 63 லட்சம், தேறினவங்க 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல. மாசம் ஆயிரம், நேரா அவங்க கணக்குல. நடுவுல தரகர் கிடையாது, மேஜைக்கு அடியில கை நீட்டுற ஆள் கிடையாது.

டப்பா: அதுல குறை சொல்ல மாட்டேன். இவ பேருல கவர்மென்ட் பணம் வந்தது இந்த வீட்டுல அதிசயம்தான். பாஸ்புக்கைக் கையில வாங்கின அன்னைக்கு அதை மூணு தடவை விரிச்சுப் பார்த்தா. நான்தான் பார்த்தேன்.

கார்டு: அதோட 'குடும்பத் தலைவி'ங்கிற பட்டம் வேற!

டப்பா: அந்தப் பட்டம் கிடைச்ச கதையும் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டுல தலைவர்னு ஆம்பளை பேர் இருந்தா, அவர் சம்சாரத்தைத் தலைவியா எடுத்துக்கலாம்னு விதி. ஒரே ஒரு வரியில ஊரெல்லாம் தலைவிங்க ஆயிட்டாங்க. ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தா தலைவி. காலையில வாசல் தெளிச்சதும் அதே தலைவிதான்.

கார்டு: கிண்டல் பண்ணாதே. ஆதாரம் பேசு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு என்ன சொல்லுது? தாங்களே பயன்படுத்துற வங்கிக் கணக்கு வச்சிருக்கிற பெண்கள், நாடு முழுக்க நூத்துக்கு 79 பேர். தமிழ்நாட்டுல 92!

டப்பா: இரு இரு. எனக்கு அடியில விரிச்சிருக்கிற பேப்பர்லயும் அந்தச் சேதி இருக்கு. எண்ணெய்க் கறைக்குப் பக்கத்துல இன்னொரு வரியும் தெரியுது. அதே ஆய்வு, அதே நாடு. தன் இஷ்டப்படி செலவு பண்ணக் கையில பணம் இருக்கிற பெண்கள், நூத்துக்கு 51.

கார்டு: அது வேற குறியீடு.

டப்பா: வேறதான்! உலை வச்ச வீட்டை எண்றது ஒண்ணு, சாப்பிட்டுப் படுத்த ஆளை எண்றது இன்னொண்ணு. நீ எப்பவும் உலையைத்தான் எண்றே. சரி, உன் ரகசிய நம்பர் என்ன?

கார்டு: சொல்லக் கூடாது. ரகசியம்.

டப்பா: அவர் பைக்கோட நம்பர். தெருவுல நிக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். பணம் வந்த மெசேஜ் எந்த போனுக்கு வருது?

கார்டு: ...அவர் போனுக்கு.

டப்பா: பதினஞ்சாம் தேதி உன்னை மெஷின்ல சொருகுறது யாரு?

கார்டு: அவருக்கு டவுன் பக்கம் வேலை இருக்கும், அதான். குடிச்சு அழிக்கிற ஆள் இல்ல பாட்டி அவர். ஆயிரத்தையும் அப்படியே கொண்டுவந்து குடுக்கிறார்.

டப்பா: குடுக்கிறார், இல்லேங்கல. முந்தி மாசம் ஐயாயிரம் வீட்டுச் செலவுக்குக் குடுப்பார். இப்ப நாலாயிரம். 'அதான் உனக்கு ஆயிரம் வருதே'ங்கிறார். முன்னால சிலிண்டருக்கு அவர் பணம், இப்ப அவ பணம். இவ கைக்கு வந்த உரிமை, அவர் பைக்கு மிச்சமாப் போய்ச் சேர்ந்துடுச்சு. உன் பதினெட்டு கேள்வியில 'இந்தப் பணம் வந்த பிறகு எந்தப் பணம் நின்னு போச்சு?'ன்னு ஒண்ணு இருந்துச்சா?

கார்டு: (முனகலாக) படிவத்துல இடம் இல்ல... எல்லாத்தையும் இப்படியே பார்த்தா எப்படி? பஸ்ஸை எடுத்துக்கோ. 2021 மே மாசத்துலேருந்து டவுன் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாநிலத் திட்டக்குழு ஆய்வு பண்ணி, ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சம்னு சொல்லுச்சு.

டப்பா: அது நிஜமாவே நல்ல காரியம். அதுல ஆயிரத்துல இல்லாத ஒரு சூட்சுமம் இருக்கு. ஆயிரத்தைக் கேட்டு வாங்கிக்கலாம், டிக்கெட்டை யாராலயும் கேட்டு வாங்க முடியாது. ஏறினா அவ, இறங்கினா அவ. ரெண்டு மாசம் முன்னாடி ஆத்தா வீட்டுக்கு யார்கிட்டயும் காசு கேட்காம போயிட்டு வந்தா. வந்ததும் என் மூடியைத் திறந்து நாப்பது ரூபா போட்டா. அந்தச் சத்தம் இருக்கே!

கார்டு: ஆக, திட்டம் வெற்றின்னு ஒத்துக்கிறே.

டப்பா: ஒத்துக்கிறேன். ஆனா எதை வச்சு வெற்றின்னு கேளு. எத்தனை டிக்கெட் கிழிச்சாங்கன்னு நீ பார்ப்பே. கேட்காம எங்க போனா, என்ன பண்ணினான்னு நான் பார்ப்பேன்.

கார்டு: நூறு நாள் வேலை? 2005 சட்டத்துல, குறைஞ்சது மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு எழுதினாங்க. தமிழ்நாட்டுல வேலைக்குப் போனவங்க நூத்துல எண்பதுக்கு மேல பெண்கள். இலக்கைத் தாண்டி எங்கேயோ போயாச்சு!

டப்பா: ஏன் தாண்டுச்சுன்னு யோசிச்சியா? அதைவிடக் கூலி கூட கிடைக்கிற கட்டட வேலைக்கு ஆம்பளைங்க போயிட்டாங்க. குறைஞ்ச கூலி எதுவோ அதுல பெண்கள் கூட்டம் ஜாஸ்தி. அந்த எண்பதுல பாதி சந்தோஷம், பாதி வருத்தம். நீ முழுசையும் சந்தோஷத்துல சேர்த்துட்டே. அதே சட்டத்துல, ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு குழந்தைங்க வந்தா பார்த்துக்க ஒரு ஆளைப் போடணும்னும் எழுதியிருந்தாங்க. எங்க ஏரிக்கரையில அந்த ஆளு யாரு தெரியுமா? புளிய மரம். கிளையில தூளி.

கார்டு: உனக்கு எதுலதான் திருப்தி வரும்?

டப்பா: இந்தப் பணத்துக்கு ஏன் 'உரிமை'ன்னு பேர் வச்சாங்க? வீட்டுல சம்பளமில்லாம உழைக்கிறாங்களே, அந்த உழைப்புக்கு அங்கீகாரம்னு சொல்லித்தானே? அப்ப அந்த உழைப்பு குறைஞ்சுதான்னு முதல்ல அளக்கணும்ல? அடுத்த தட்டுல, மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கீழ, நேரப் பயன்பாட்டு ஆய்வு போட்ட பேப்பர் இருக்கு. 2019-ல வீட்டு வேலைக்குப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. 2024-ல பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88.

கார்டு: பார்த்தியா, பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு!

டப்பா: ஆம்பளைங்களுக்கு ஒன்பது குறைஞ்சிருக்கு. கழிச்சுப் பார். முன்ன இடைவெளி 202 நிமிஷம், இப்ப 201. நாடு முழுக்க அஞ்சு வருஷம் பாடுபட்டு, சமத்துவம் ஒரு நிமிஷம் முன்னேறியிருக்கு. அதுவும், வீட்டு வேலையில கை வச்ச ஆம்பளைங்களை மட்டும் சேர்த்த சராசரி. 2019-ல அப்படிக் கை வச்சவங்க நூத்துக்கு 26 பேர்தான்.

கார்டு: (வேகமாக) 289 நிமிஷம்னா, மாசத்துக்கு 144 மணி நேரம் சொச்சம். ஆயிரத்தை அதால வகுத்தா...

டப்பா: மணிக்கு ஏழு ரூபாகூடத் தேறல.

கார்டு: இது கூலி இல்ல பாட்டி. உரிமை!

டப்பா: அப்படி வா வழிக்கு. கூலின்னா வேலை முடிஞ்சதும் கேட்டு வாங்கணும். உரிமைன்னா கேட்காம எடுக்க முடியணும். இவ்வளவுதான் என் அளவுகோல். இதுக்கு டேப்லெட் வேணாம். இன்னொண்ணு, பதினெட்டு கேள்வியும் அவளைப் பத்தி. அவரைப் பத்தி ஒண்ணு? 'நீ இந்த வாரம் என்னைக்குப் பாத்திரம் கழுவினே?' கிடையாது. தராசுல ஒரு தட்டை மட்டும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டு, 'சமமா இருக்கு'ன்னு எழுதிட்டுப் போனா எப்படிப்பா?

கார்டு: (சற்று நேரம் மௌனம்) பாட்டி, நானும் ஒண்ணு கேட்கலாமா?

டப்பா: கேளு.

கார்டு: உனக்குள்ள என்ன இருக்கு?

டப்பா: கடுகு.

கார்டு: கடுகுக்கு அடியில?

டப்பா: ...இருநூத்து நாப்பது ரூபா. சிறுவாடு.

கார்டு: உனக்கு முன்னாடி இவங்க ஆத்தா வீட்டுல, அதுக்கும் முன்னாடி பாட்டி வீட்டுல, தலைமுறை தலைமுறையா ஒளிச்சுத்தானே வச்சாங்க? ஒளிச்சு வைக்கிற பணம் மட்டும் உரிமையா? நானாவது அவங்க பேரை வெளியில அச்சடிச்சு வச்சிருக்கேன். நீ மூடியைப் போட்டு மறைச்சுத்தானே வச்சிருக்கே?

டப்பா: (பெருமூச்சு) நல்லாத்தான் குத்துறே. சரிதான். நான் பெருமைப்பட ஒண்ணுமில்ல. என்னைத் திறந்தா கடுகு மட்டும் இருக்கிற நாள் வரணும். ஒளிக்க அவசியமில்லாம போச்சுன்னு அர்த்தம். உன் அறிக்கையில அதைச் சேர்த்துக்கோ: 'கடுகு டப்பாக்களில் கடுகு மட்டும் உள்ள வீடுகள், நூற்றுக்கு இத்தனை.'

கார்டு: ஸ்... யாரோ வர்றாங்க.

(விளக்கு எரிகிறது. அவள் வருகிறாள். உள்ளறையில் குறட்டைச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நொடி நின்று பார்க்கிறாள். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவுகிறாள். கடுகு டப்பாவைத் திறந்து, கார்டை உள்ளே செருகி, மூடியை அழுத்துகிறாள். விளக்கு அணைகிறது.)

கார்டு: பாட்டி! ஐயையோ, மூக்குல எல்லாம் கடுகு! இங்க எதுக்கு என்னை...

டப்பா: காலையில அந்தப் பொண்ணு வாசல்ல தனியாக் கேட்டுச்சுன்னியே, என்ன கேட்டுச்சு தெரியுமா? 'அக்கா, கார்டு உங்ககிட்டதானே இருக்கு?' அப்ப இவ வாயைத் திறக்கல. இப்பத்தான் பதில் சொல்லியிருக்கா.

கார்டு: ஆனா படிவம் அப்லோடு ஆயிடுச்சே! இது கணக்குலயே வராதே!

டப்பா: வராட்டி போகட்டும். பதினஞ்சாம் தேதி அவர் சட்டைப் பையைத் தடவுவார். அப்புறம் அடுப்படி வாசல்ல வந்து நின்னு, 'கார்டு எங்க?'ன்னு கேட்பார்.

கார்டு: கேட்டா இவங்க எடுத்துக் குடுத்துடுவாங்களே?

டப்பா: குடுத்தாலும் குடுக்கலாம். ஆனா இந்தத் தடவை கேட்க வேண்டியது அவர்ல?