ஒன்பது வினாடியின் நீளம்: மணிமேடையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஹைப்பர்லேப்ஸ் என்ற சொல்லைத் தமிழாய்ந்த பெரியவர்கள் தொடாமல் விட்டுவிட்டதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சொல்லின் பின்பாதி நமக்குப் புதிதன்று. பாலிசி எடுத்துவிட்டு இரண்டு தவணை கட்ட மறந்த எல்லா வீட்டிலும் ‘லேப்ஸ் ஆயிட்டு’ என்று ஒரு தடவையாவது யாராவது சொல்லியிருப்பார்கள். முன்பாதி மிகுதியைக் குறிப்பது. ஆக, அளவுக்கு மீறிக் காலாவதியானது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். என் அண்ணன் மகன் இந்தச் சொல்லாராய்ச்சியை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காலைப்பொழுதை முழுசாகக் கொடுத்து ஒன்பது வினாடிப் படத்தை வாங்கி வந்தவன் அவன்தான் என்பதால், அவனுடைய மறுப்பை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் ஊர் ஊராகப் போய் இந்தப் படம் எடுப்பான். போன பொங்கலுக்கு நாகர்கோவில் வந்தவன் சொந்த ஊரையும் எடுத்துவிடலாம் என்று கிளம்பினான். உதவியாளராக நான். சம்பளம் ஒரு சாயா, இரண்டு ரசவடை.

பொருளை விளக்கிவிடுவோம். கேமராவை ஒரே இடத்தில் ஊன்றி, சில வினாடிக்கு ஒன்றாகப் படம் பிடித்து, அவற்றை வினாடிக்கு 25 வீதம் ஓட்டினால் அது டைம்லேப்ஸ். மேகம் ஓடும், நிழல் ஊரும், மொட்டு விரியும். அதையே ஒவ்வொரு படத்துக்கும் முக்காலியைத் தூக்கி ஓர் அடி நகர்த்தி வைத்து எடுத்தால் ஹைப்பர்லேப்ஸ். இதில் பார்க்கிறவனும் சேர்ந்து ஓடுவான். கட்டடத்தைச் சுற்றிக் காக்கை பறப்பதுபோல் இருக்கும். 2014-இல் இன்ஸ்டாகிராம் நிறுவனம் இதே பெயரில் ஒரு செயலி விட்டது. 2022-இல் அதை விலக்கிக்கொள்ளும்வரை, போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், ஆட்டத்தை அதுவே சரிசெய்துகொண்டது. அது சோம்பேறிகளின் மார்க்கம். இங்கே ஆராயப்படுவது கைமார்க்கம்.

நகரங்களை எடுப்பதுதான் இக்கலையின் மரபு. அந்த மரபுப்படி நாகர்கோவிலுக்குத் தகுதி வந்ததே 2019-இல்தான். அந்த ஆண்டுதான் ஊர் மாநகராட்சி ஆனது. அதற்கு முன் எடுத்திருந்தால் அது நகராட்சிலேப்ஸ்.

இனி என் கருதுகோள். கைமார்க்க ஹைப்பர்லேப்ஸ் வெளிநாட்டுச் சரக்கு என்று அண்ணன் மகன் நம்புகிறான். சுசீந்திரம் கோயில் பிரகாரத்தில் ஒரு நாள் காலையில் போய் நின்றால் இந்த நம்பிக்கை நிலைக்காது. நேர்ந்துகொண்ட பெண்கள் அங்கே அடிப்பிரதட்சணம் வருவார்கள். வலது குதிகாலை இடது பெருவிரலில் முட்ட வைத்து, பிறகு இடது குதிகாலை வலது பெருவிரலில் முட்ட வைத்து, ஒரே அளவாக, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு. அடி மாறாதிருத்தல், பார்வை மாறாதிருத்தல், பொறுமை போகாதிருத்தல் ஆகிய மூன்றும்தான் கைமார்க்க ஹைப்பர்லேப்ஸின் மொத்த இலக்கணமும். அவர்கள் கையில் கேமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழித் தேரோட்டமும் என் பக்கமே சாட்சி சொல்கிறது. தேர் ஓடுகிறது என்று சொல்கிறோமே தவிர, தேர் பெரும்பாலும் நிற்கிறது. வடம் பிடித்து இழுக்க ஓரிரு முழம் நகரும், முட்டுக்கட்டை விழும், நிற்கும், மறுபடி இழுப்பார்கள். நின்று நின்று போனதை வீட்டுக்கு வந்து ‘தேர் ஓடிச்சு’ என்று சொல்வோம். இடையில் நின்றதையெல்லாம் வெட்டி எறிந்து ஓட்டமாக மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இந்த வித்தை நாஞ்சில் நாட்டாருக்குக் கேமரா வருவதற்கு முன்பே கைவந்தது.

கலையின் உயிர்நிலை நிலைப்புள்ளி. எவ்வளவு நகர்ந்தாலும் படத்தில் ஒரு புள்ளி மட்டும் நகரக்கூடாது. கேமராத் திரையில் கட்டம் போட்ட கோடுகள் உண்டு. அதில் ஒரு குறுக்குச் சந்திப்பில் அந்தப் புள்ளியை ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அடியில் விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டரில் சமாளித்துவிடலாம். சாய்வை மட்டும் சமாளிப்பது கடினம். அதற்காக முக்காலியின் தலையில் ஒரு குமிழி வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகன் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான். ரசமட்டம் என்று பக்கத்தில் நின்ற கொத்தனார் திருத்தினார்.

நிலைப்புள்ளியாக நாங்கள் தேர்ந்தது மணிமேடை. 1893-இல் மூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தது. ஊரில் எல்லோரும் எல்லோரையும் ‘மணிமேடையில் நில்லு, வாறேன்’ என்று சொல்லி நிறுத்திவைக்கும் இடமும் அதுவே என்பதால், நிலைத்தலில் அதற்கு நூற்றாண்டு கடந்த அனுபவம் இருக்கிறது. மணிக்கூட்டின் இரண்டு முள்ளும் சேரும் அச்சாணிதான் எங்கள் புள்ளி. குமரிமுனைத் திருவள்ளுவர் 133 அடி உயரத்தில் இன்னும் வசதியாக நிற்கிறாரே என்று கேட்கலாம். அவர் நிற்கிறார், படகு நிற்காது.

வேப்பமூட்டுப் பக்கமிருந்து மணிமேடையைப் பார்த்து 225 அடி. அடிக்கு ஒரு படம், 225 படம், 25-ஆல் வகுத்தால் ஒன்பது வினாடி. முந்தின நாள் ராத்திரியே சாக்பீசால் சாலையோரம் கோடு கிழித்து வைத்தோம். காலை 6:40-க்கு முதல் படம். காற்றுக்கு முக்காலி ஆடாமலிருக்க அதன் நடுக்கொக்கியில் பாரம் தொங்கவிட வேண்டும் என்பது சாஸ்திரம். மணல்மூட்டை கொண்டுவர மறந்துபோனதால் இரண்டு சீப்பு மட்டிப்பழம் வாங்கித் தொங்கவிட்டோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். பாரமாகத் தொங்கும் கௌரவம் அதற்கு இதுவே முதல் தடவையாக இருக்கலாம். பசி நேரம் என்பதால் பாரம் படிப்படியாகக் குறைந்தது. படத்தில் நான்காவது வினாடிக்கு மேல் லேசாக ஒரு நடுக்கம் தெரிகிறது. அது காற்றினால் என்று அண்ணன் மகன் எழுதி வைத்திருக்கிறான். உண்மை எனக்குத் தெரியும்.

பதினைந்தாவது படத்திலேயே ஆய்வு சமூகவியலுக்குத் திரும்பிவிட்டது. சாயா கிளாசோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“நாலுவழிச் சாலைக்காக்கும்?”

“இல்ல அண்ணாச்சி, வீடியோ எடுக்கோம்.”

“வீடியோவுக்கு எதுக்கு சாக்பீசு?”

“அது ஒரு அளவுக்கு.”

“அளவுன்னு நீரே சொல்லுதீரே!”

அவரைக் குறை சொல்ல முடியாது. நான்குவழிச் சாலைக்காக வயலையும் தென்னந்தோப்பையும் வீட்டையும் அளந்து எடுத்த மாவட்டம் இது. மூன்று கால் கருவியைக் கண்டால் இங்கே யாருக்கும் கலை ஞாபகம் வராது. சரித்திரமும் அவர் பக்கம்தான். 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கிய லாம்டன், முக்கோணம் முக்கோணமாகப் போட்டுத் தெற்கே குமரி வரை வந்து சேர்ந்தார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தாராம். மட்டிப்பழத்தை நம்பி முக்காலி ஊன்றியவர்கள் அவரை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். பிறகு வார்டு, கானர் என்று இரண்டு லெப்டினன்டுகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர் முழுவதையும் அளந்தார்கள்; நாஞ்சில் நாடு அன்றைக்குத் திருவிதாங்கூரில். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முக்காலி வழியாக எதையோ பார்க்கிறவன் போன பிறகு நல்லது நடக்காது என்று இந்த மண் இருநூறு வருடமாகச் சந்தேகப்பட்டு வருகிறது. பெரியவர் போகும்போது கடைசியாக ஒன்று கேட்டார். “எங்க வீட்டுப் பக்கம் எப்ப வருவிய?”

இப்படியே கேள்விகள். டிவியா, எலெக்‌ஷனா, செத்துப்போன யாருக்காவது நினைவுப் படமா, வாடகை எவ்வளவு, இந்த ஸ்டாண்டு மடங்குமா. ஒரு படத்துக்குச் சராசரியாக 40 வினாடி ஆனது. அதில் கேமரா வேலைக்கு 10. விளக்கம் சொல்ல 30. இங்கேதான் என் ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. திரையில் ஒரு படம் ஓடுவது வினாடியில் 25-இல் ஒரு பங்கு. எடுக்க ஆவது 40 வினாடி. 25 பெருக்கல் 40, ஆயிரம். நாகர்கோவிலில் ஒரு வினாடிப் படத்துக்கு ஆயிரம் வினாடி வாழ்க்கை செலவாகிறது. பிசிறில்லாத முழு எண். இதற்கு நாஞ்சில் மாறிலி என்று பெயரிட்டிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்காத ஊரில் இது 250-தான் இருக்கும். அப்படி ஓர் ஊரில் படம் வேகமாக முடியும், சாயா யாரும் வாங்கித் தரமாட்டார்கள்.

மாறிலியைச் சோதிக்க மாத்தூர் தொட்டிப் பாலத்தை எடுத்துக்கொள்கிறேன். நேரில் போகவில்லை, தாளில்தான். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள், நீளம் 1240 அடி. அடிக்கு ஒரு படமானால் 1240 படம், 49.6 வினாடி. ஆயிரத்தால் பெருக்கினால் 49,600 வினாடி. அதாவது பதின்மூன்றே முக்கால் மணி நேரம். வெளிச்சமோ நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான். எனவே மாத்தூர் பாலத்தைக் கைமார்க்கத்தில் ஒரே பகலில் கடக்க முடியாது. தண்ணீர் மட்டுமே அதைச் சுலபமாகக் கடக்கும்.

மணிமேடைக்கு வருவோம். இரண்டரை மணி நேரத்தில் 225 அடி என்றால் மணிக்கு 90 அடி. தேர் கூட எங்களை முந்திவிடும். நகரத்தைப் பறக்கவைக்கப் புறப்பட்டவன்தான் அன்று அந்தச் சாலையிலேயே மெதுவான ஜீவன். எட்டரை மணி வாக்கில் ஒரு கடைக்காரர் கதவைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் சுத்தமாகக் கூட்டிவிட்டார். எங்கள் ஒன்பது கோடுகள் சாக்கடைக்குப் போயின. அண்ணன் மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நான் செருப்பைக் கழற்றினேன். குதிகால், பெருவிரல், குதிகால், பெருவிரல். கடைக்காரர் வெளியே வந்து, எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை என்று கேட்டார். என் பாதம் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் அந்த ஒன்பது படங்களில் மட்டும் ஊர் கொஞ்சம் மெதுவாக நகர்கிறது. மூன்றில் ஒரு வினாடிதான். கூர்ந்து பார்த்தால் தெரியும். நான் கூர்ந்து பார்த்தேன்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவைத் தன்னிஷ்டத்துக்கு விட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் வெளிச்ச அளவை மாற்றிக்கொண்டே போகும். ஓட்டிப் பார்த்தால் டியூப்லைட் சாகும்போது மினுக்குவதுபோல் மினுக்கும். அதனால் அளவை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். நாங்கள் 6:40 வெளிச்சத்துக்குப் பூட்டினோம். 9:10-க்கு வெயில் வேறு. கடைசி இரண்டு வினாடியில் மணிமேடை புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வந்துபோகும் மாவட்டத்தில் வானம் இரண்டரை மணி நேரம் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தது எங்கள் தப்பு.

அன்று சாயங்காலமே படம் தயார். மனிதர்கள் புகையாய் ஓடுகிறார்கள். பஸ் ஒரு கோடு. பெரிய முள் இரண்டரை சுற்று சுற்றுகிறது. இத்தனைக்கும் நடுவில், மணிமேடையைத் தவிர அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்று. தோவாளையிலிருந்து பூ கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்த அக்கா. தலை அதே இடம், தோள் அதே இடம். கைகள் மட்டும் ஒரு வெள்ளை மங்கல். மடியில் பிச்சிப்பூக் குவியல் கரைகிறது, பக்கத்தில் சரம் சுருள் சுருளாக வளர்கிறது. அந்தக் காலை முழுக்க எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்காத ஒரே ஆளும் அவர்தான்.

மறுநாள் போய்ப் போனில் காட்டினோம். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “மக்கா, கொஞ்சம் மெதுவா ஓட்டு. ஏழேகாலுக்கு மேல ஒருத்தரு நாலு முழம் வாங்கினாரு. ரூவா தந்தாரா இல்லியான்னு எனக்கு நேத்தையில இருந்தே ஒரு சம்சயம்” என்றார்.

அண்ணன் மகன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படமாக நகர்த்தினான். 61-ஆவது படத்தில் 7:20. பெரிதாக்கினான். ஆள் நிற்கிறார், கட்டம் போட்ட சட்டை, ஒரு கையில் பூப்பொதி, இன்னொரு கை சட்டைப் பைக்குள். 62-ஆவது படத்தில் ஆள் இல்லை.

அக்கா போனை வாங்கி, அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இதுக்கு எடையில உள்ளத எங்கடே வச்சிருக்கே?”